கட்டுரைக்கு முந்திய கிறுக்கல் தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவணைப் பரீட்சை நெருங்கினால் போதும், கொழும்பில் பிள்ளைகளிடையே மாதிரிக் கட்டுரைகளின் போட்டோப் பிரதிகள் கைமாறத் தொடங்கிவிடும். இருபது கட்டுரையை நெட்டுருப் பண்ணிய பிள்ளைக்கு 'நூலகத்தின் பயன்கள்' வராமல் 'கைத்தொலைபேசி வந்த பின் நூலகம் தேவையா?' என்று வந்துவிட்டால் என்ன செய்யும்? பாடமாக்கிய பயன்களை அப்படியே இறக்கிவிட்டு, கடைசிப் பந்தியில் கைத்தொலைபேசியை ஒட்டவைக்கும். புள்ளி குறைந்ததும் "பிள்ளையின் மொழிநடை போதாது" என்று பெற்றோரும் ஆசிரியரும் முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் நடையில் பழுதில்லை. பேனை தாளில் படுவதற்கு முன் நடக்கவேண்டிய வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் வினாவின் கட்டளைச் சொல். விபரிக்க, விளக்குக, ஒப்பிடுக, ஆராய்க என்பவை ஒரே கட்டளையின் நான்கு வேடங்கள் அல்ல. 'விளக்குக' என்றால் காரணம் வேண்டும். 'ஆராய்க' என்றால் இரு பக்கமும் சொல்லி ஒரு முடிவுக்கு வரவேண்டும். 'ஒப்பிடுக' என்றால் பந்திகளை யோசிக்கவே கூடாது, கோடு போட்டு இரண்டு நிரல் வரைய வேண்டும். கோட்டையிலிருந்து மொரட்டுவைக்கு ரயிலா பஸ்ஸா என்று கேட்டால் இடப்பக்கம் ரயில், வலப்பக்கம் பஸ். கட்டணம், நேரம், நெரிசல், மழைநாள் என்று வரிசை வரிசையாக இரண்டு பக்கமும் நிரப்பவேண்டும். எந்தக் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறதோ அதுதான் நாம் யோசிக்காமல் விட்ட இடம். ரயிலுக்கு நேரத்தைச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கட்டணத்தை மட்டும் சொல்லும் கட்டுரைகள் இந்தக் கட்டம் போடாததால் வருபவை.

அடுத்தது கொட்டுதல். ஐந்து நிமிடம், ஒரு வெற்றுத்தாள், மனதில் வருவதெல்லாம், வரிக்கு ஒன்றாக. வசனம் வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். நல்லதா கெட்டதா என்று அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் ஐந்தாவது சொல்லோடு ஊற்று அடைபட்டுவிடும். கொழும்புப் பிள்ளைகளுக்கு இங்கே தனியாக ஒரு சலுகை வேண்டும். வகுப்பில் தமிழ், டியூஷனில் ஆங்கிலம், வீதியில் சிங்களம் என்று வளரும் பிள்ளைக்கு எண்ணம் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலேயே அதைக் குறிக்க விடுங்கள். மொழியைப் பிறகு மாற்றலாம், நழுவிப்போன எண்ணத்தைப் பிறகு பிடிக்க முடியாது.

'கொழும்பின் குப்பைப் பிரச்சினைக்கு யார் பொறுப்பு?' என்று ஒரு தலைப்பை வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் இப்படி ஒரு பட்டியல் வரலாம்: நாற்றம், காகம், டெங்கு, வெள்ளம், வடிகான் அடைப்பு, லஞ்ச் சீற், கடையில் தரும் பை, தொடர்மாடி, தரம்பிரித்தல், மரக்கறிச் சந்தை, லொறி வராத நாள், அபராதம், மீதொட்டமுல்ல, புத்தளம், கெரவலப்பிட்டி மின்நிலையம், சிரமதானம். மொத்தம் பதினாறு. (லஞ்ச் சீற் என்பது சோற்றுப் பொதி சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாள். மீதொட்டமுல்ல கொழும்புக் குப்பை கொட்டப்பட்ட இடம், புத்தளம் பின்னர் அது கொண்டுபோகப்பட்ட மாவட்டம், கெரவலப்பிட்டியில் இருப்பது குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம்.)

இதைத் திரும்பவும் வேறு தாளில் அழகாக எழுதவேண்டாம், நேரம் வீண். பட்டியலின் ஓரத்திலேயே எழுத்துப் போட்டால் போதும். நாற்றம் முதல் வடிகான் வரை ஐந்தும் விளைவுகள், அவற்றுக்கு 'அ'. லஞ்ச் சீற் முதல் மரக்கறிச் சந்தை வரை குப்பையை உண்டாக்கும் பக்கம், அதாவது வீடும் கடையும், அவற்றுக்கு 'ஆ'. லொறி முதல் மின்நிலையம் வரை அகற்றும் பக்கம், மாநகர சபையும் அரசும், அவற்றுக்கு 'இ'. சிரமதானம் எதிலும் ஒட்டவில்லை. தனியே நிற்கும் சொல்லுக்காக ஒரு பந்தி கட்டாமல் வெட்டிவிடவேண்டும். பிள்ளைகளுக்கு மிகவும் மனம் வராத காரியம் இதுதான்.

இப்போது வினாவைத் திரும்ப வாசித்தால் சங்கடம் தெரியும். கேட்டது 'யார் பொறுப்பு'. 'அ' பிரிவில் உள்ள ஐந்தும் அதற்கு விடை அல்ல. ஆனால் முதலில் மனதில் வந்தவை அவைதான். நாற்றத்தையும் டெங்கையும் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, நேரம் போனபின் கடைசியில் "எனவே நாம் அனைவரும் பொறுப்பு" என்று முடிக்கும் கட்டுரைகள் பிறப்பது இந்த இடத்தில். ஐந்தையும் முகவுரையில் ஒரே வசனமாகச் சுருக்கி, மிச்ச இடத்தை 'ஆ', 'இ' இரண்டுக்கும் கொடுக்கவேண்டும்.

ஒரு சொல் தன் பிரிவை விட்டு நகரவும் கூடும். லஞ்ச் சீற்றை 'ஆ'வில் போட்டோம். 2017 செப்டெம்பர் முதல் அதற்குத் தடை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, தடையை நடைமுறைப்படுத்துவது யார் என்ற கேள்வி வரும். அப்போது அது 'இ'யையும் தொடுகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளலாம். இரண்டு பந்தியையும் இணைக்கும் வசனம் அந்த அம்புக்குறியில்தான் இருக்கிறது. மீதொட்டமுல்ல வெறும் ஊர்ப்பெயராக நிற்காமல் '2017 ஏப்ரல் 14, குப்பைமேடு சரிந்து உயிர்ச்சேதம்' என்று பக்கத்தில் சான்றாகக் குறிக்கப்படவேண்டும்.

அதன்பிறகு வருவதுதான் நம் வகுப்புகளில் அனேகமாக விடுபடும் படி. சொல்லைக் கூற்றாக்குதல். 'தரம்பிரித்தல்' என்பது ஒரு தலைப்பு மட்டுமே, அதில் கருத்து எதுவும் இல்லை. 'வீட்டில் பிரிக்காத குப்பையைச் சபை பிரிக்க முடியாது' என்பது கருத்து. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கிவைத்துவிட்டு யோசித்து முடித்ததாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சுலபம். ஒவ்வொரு பிரிவுக்கும் வினைமுற்றோடு கூடிய ஒரு வசனம் எழுதிப்பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பிரிவில் சொல்ல எதுவும் இல்லை என்று பொருள். கட்டுரை முழுவதற்கும் அப்படியே ஒரு வசனம் வேண்டும்: 'வீடு பிரித்துக் கொடுக்காமல் சபை சரியாக அகற்ற முடியாது, பிரித்ததைச் சபை ஒரே லொறியில் கலந்து ஏற்றினால் வீடு பிரித்தும் பயனில்லை.' மற்ற மொழியில் குறித்த சொற்களையும் இந்தப் படியிலேயே தமிழாக்கிவிடவேண்டும். பந்தி எழுதும்போது மாற்றப்போனால் வசனமே ஆங்கிலத்தின் சாயலில் வந்து விழும்.

வரிசைப்படுத்தல் அவ்வளவு கஷ்டமில்லை. நிகழ்ச்சி என்றால் கால வரிசை, பிரச்சினை என்றால் காரணத்திலிருந்து தீர்வு, வாதம் என்றால் எதிராளியின் கருத்தை முன்னால் வைத்து நம் வலுவான காரணத்தைக் கடைசியில் வைப்பது. பழைய இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளில் ஒன்றாக 'முறையின் வைப்பு' என்பதைச் சொல்கிறது. பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்' (சொல்லவந்ததை விட்டு வேறொன்றை நீட்டுவது), 'சென்று தேய்ந்து இறுதல்' (போகப்போக வலுக்குறைந்து முடிவது) மூன்றும் திட்டமில்லாமல் எழுதிய எந்த விடைத்தாளிலும் கண்ணில் படும். இலக்கணப் பாடத்தில் மனனம் செய்விக்கும் இந்தப் பட்டியலைக் கட்டுரைப் பாடவேளையில் கையில் எடுக்கமாட்டோம் என்பது வேடிக்கைதான்.

மனவரைபடம் பற்றியும் சொல்லவேண்டும், இப்போது அது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. இங்கிலாந்தின் ரொனி பூசான் 1970களில் பிரபலமாக்கிய முறை அது. நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளைகள், கிளைக்கு ஒரு சொல். கொட்டுவதற்கும் பிரிப்பதற்கும் நல்லது. ஆனால் வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. எந்தக் கிளையை முதலில் எழுதுவது என்பதை அது சொல்லாது. கிளைகளுக்கு 1, 2, 3 என்று இலக்கமிடாமல் எழுதத் தொடங்கும் பிள்ளை, தாளின் வலப்பக்க மேல்மூலையிலிருந்து கடிகாரம் சுற்றுவதுபோல் எழுதிக்கொண்டு போகும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் தாளைக் குறுக்காக வைத்து, எழுத்தைச் சாய்க்காமல் கிடையாகவே எழுதவேண்டும். வர்ணப் பென்சிலும் படங்களும் வீட்டில் படிக்கும்போது இருக்கட்டும், பரீட்சை மண்டபத்தில் வேண்டாம். காரண காரியத் தொடர்பு முக்கியமான விஞ்ஞானம், புவியியல் போன்ற பாடங்களுக்கு அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் நோவாக்கின் எண்ணக்கரு வரைபடம் (கருத்துகளைக் கோடுகளால் இணைப்பது) மேல். அதில் கோட்டின் மேலேயே 'உண்டாக்குகிறது', 'தடுக்கிறது' என்று தொடர்பை எழுதவேண்டியிருப்பதால் மழுப்ப முடியாது.

பல்கலைக்கழக ஆய்வேடு போன்ற நீண்ட எழுத்துக்கு ஒரு தாள் போதாது. A4 தாளை எட்டாக வெட்டினால் ஏறக்குறைய 74க்கு 105 மில்லிமீற்றர் அட்டை கிடைக்கும். அட்டைக்கு ஒரே ஒரு கருத்து, கீழே எடுத்த நூலும் பக்க எண்ணும். இரண்டு கருத்தை ஒரே அட்டையில் எழுதினால் பிறகு பிரித்து அடுக்க முடியாமல் அட்டை முறையே பயனற்றுப் போகும். ஜேர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் இப்படிச் சுமார் 90,000 அட்டை சேர்த்தார். நமக்கு அறுபது, எழுபது போதும்.

நேரத்தையும் கணக்குப் பார்ப்போம். மூன்று மணி நேரத்தில் ஐந்து வினா என்றால் வினாவுக்கு 36 நிமிடம். அதில் 6 நிமிடம் திட்டம் (கொட்டுதலின் ஐந்து நிமிடத்தைப் பரீட்சையில் சுருக்கிக்கொள்ளவேண்டும்), 26 நிமிடம் எழுத்து, 4 நிமிடம் திருப்பி வாசிப்பு. "6 நிமிடம் எழுதாமல் இருப்பதா?" என்று பதறுபவர்கள் அரைவாசியில் வெட்டி அடித்த பக்கங்களுக்குப் போன நேரத்தைக் கூட்டிப்பார்க்கட்டும். உயர்தர வினாத்தாள்களில் தரப்படும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரம் எதற்கென்று தாளின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது: வினாக்களைத் தெரிவுசெய்யவும், எழுதும்போது முன்னுரிமை தரும் வினாக்களை ஒழுங்குபடுத்தவும். அந்த நேரத்தை முதலாம் வினாவை மூன்றுதரம் வாசித்தே தீர்த்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தமிழ்மொழி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் கட்டுரை தரும்போது கிறுக்கல் தாளையும் குத்தூசியால் சேர்த்துக் கட்டித் தரச்சொல்லுங்கள். வெட்டு இருக்கிறதா, எழுத்துக் குறி இருக்கிறதா, வினைமுற்றோடு வசனம் இருக்கிறதா என்று மூன்றை மட்டும் பார்த்து 20 புள்ளியில் 5 அதற்குக் கொடுங்கள். அழகான கையெழுத்தில், ஒரு வெட்டுக்கூட இல்லாமல் வரும் கிறுக்கல் தாள் கட்டுரை முடிந்தபின் எழுதப்பட்டது. அதற்குப் பூச்சியம் போடலாம்.

தமிழாசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.