முதலில் மாடு, அடுத்தது சோப்பு, அப்புறம்தான் சோறு

அன்புள்ள கலா,

உன் குரல் செய்தி வந்து மூன்று வாரம் ஆகிறது. சாக்குச் சொல்லப் போவதில்லை, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். 

மேரிலாந்து மாநிலத்தின் கேதர்ஸ்பர்க்கில் ஆகஸ்டில் நடக்கிற மான்ட்கோமரி கவுண்டி ஃபேருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. 1949-லிருந்து நடக்கிற விவசாயக் கண்காட்சியடி அது. ராட்டினத்துக்காக மட்டும் போகிறவர்கள் பாதியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். மாட்டுக் கொட்டகைதான் அதன் உயிர். ஆனால் சின்னவனுக்கு இரண்டு வயது. அதனால் ஒரு விஷயத்தில் மட்டும் உன்னை விடமாட்டேன்: பிள்ளைகளின் கை.

மாடு, ஆடு, செம்மறி இவற்றின் குடலில் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி இருக்கக்கூடும். மாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. குளித்துப் பளபளவென்று நிற்கும். சாணத்தில் வெளியேறி, ரோமத்தில், கம்பித் தடுப்பில், வைக்கோல் தூசியில் எல்லாம் ஒட்டியிருக்கும். நூறுக்கும் குறைவான கிருமி வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு நோய் வந்துவிடும். 2004-இல் வட கரோலைனா மாநிலக் கண்காட்சியில் ஆட்டுக்குட்டிகளைத் தொட்டு விளையாடும் இடத்திலிருந்து 108 பேருக்குத் தொற்றியது. 2019-இல் சான் டியேகோ கவுண்டி ஃபேருக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு இது வந்து, இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தே போனது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை கலா. முறையாகச் செய்தால் இதைப் பெருமளவு தடுத்துவிடலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்துகிறேன்.

கொட்டகைக்குள் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், பால் சிப்பர், ரப்பர் சூப்பான் எதுவும் வேண்டாம். ஸ்ட்ரோலரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போகாதே. சக்கரத்தில் ஒட்டின சாணம் காருக்கு வரும், காரிலிருந்து கூடத்துக்கு வரும், சின்னவன் அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றி விளையாடுவான். ஒரு பெரியவர் ஸ்ட்ரோலரோடு வெளியே நிற்கட்டும், அவனை இடுப்பில் தூக்கிக்கொள். வெளியே வந்ததும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு, விரல் இடுக்கு, நக ஓரம் வரை இருபது நொடி. ஐந்து வயதுப் பெரியவளைத் தமிழில் ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணச் சொல், சரியாக இருக்கும். சானிடைசரை நம்பாதே. அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. தண்ணீரே இல்லாத இடத்தில் தற்காலிகத்துக்கு மட்டும். சின்னவன் எதையும் தொடவில்லையே என்று விட்டுவிடாதே, அவன் கையையும் கழுவு. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், ஊட்டுகிறவர்கள். உன் கையும்தான் கணக்கு.

அம்மாவிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவை. பசுவைப் பார்த்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், அதே கையால் பேரன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைப்பாள். கும்பிட்டால் போதும் என்று சொல். வாசலில் செருப்பை விடுகிற நம் வழக்கம் அன்றைக்குப் பெரிய உபகாரம்: எல்லோரும் மூடின ஷூ போட்டுப் போங்கள், திரும்பியதும் வெளியிலேயே கழற்றி அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அடுத்த பத்து நாள் கண் வைத்திரு. வழக்கமாக மூன்று, நான்கு நாளில் வயிற்று வலியும் பேதியும் தொடங்கும். ரத்தம் கலந்தால் அன்றே டாக்டரிடம் போ, போனவுடன் "கண்காட்சியில் மாட்டுப் பக்கம் போனோம்" என்று நீயே சொல். வீட்டில் இருக்கிற பேதி நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ கொடுக்கவே கூடாது. பேதி குறைகிறதே என்று நிம்மதிப்படுகிற நேரத்தில்தான் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் அடிவாங்கும். முகம் வெளுப்பது, சோர்ந்து கிடப்பது, டயப்பர் நனையாமல் இருப்பது, இந்த மூன்றையும் பார்.

பன்றிக் கொட்டகைக்குச் சின்னவன் வேண்டாம். 2012-இல் அமெரிக்காவில் பன்றியிடமிருந்து பரவிய ஃப்ளூ காய்ச்சல் 309 பேருக்கு வந்தது. பெரும்பாலும் கண்காட்சிக்குப் போன பிள்ளைகள். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அங்கே போகக் கூடாது என்பதே மருத்துவ ஆலோசனை.

சரி, இனிச் சந்தோஷமான பக்கம். வார நாளாகப் பார்த்து, திறந்தவுடன் போ. காலையில்தான் மாட்டைக் குளிப்பாட்டுவார்கள், ரோமத்தைக் கத்தரிப்பார்கள், வால் நுனியைச் சீவிப் புஸ்ஸென்று விடுவார்கள். அம்மா அதைப் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டைன் ஒன்று நாளுக்குச் சராசரியாக 30 லிட்டர் கறக்கும் என்று சொன்னால் நம்பமாட்டாள். மாட்டைப் பிடித்து நிற்கிற சிறுவர் சிறுமியர் 4-ஹெச் என்ற இளைஞர் அமைப்பின் பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை. பெரியவளையே பேசச் சொல்: பேர் என்ன, என்ன தின்னும், எத்தனை மணிக்கு எழுந்திருக்கும். அவர்களுக்குச் சொல்ல அவ்வளவு ஆசை இருக்கும். இங்கே முதல் பரிசு நீல ரிப்பன், சிவப்பு அதற்கு அடுத்தது. அந்தக் கிடாவும் கடாரியும் ஏலத்துக்குப் பிறகு எங்கே போகும் என்று அவள் கேட்டால் பொய் சொல்லாதே. சிலது பண்ணைக்குத் திரும்பும், பலது இறைச்சிக்குப் போகும். ஐந்து வயதுக்கு அந்த உண்மை தாங்கும்.

ராட்டினம் எல்லாம் உயரக் கணக்கு. பலகையில் 36, 42, 48 அங்குலம் என்று கோடு போட்டிருக்கும். வீட்டிலேயே ஷூவோடு அளந்துவிட்டுப் போ. வரிசையில் அரை மணி நின்று, அரை அங்குலத்தில் திருப்பி அனுப்பினால் அவள் அழுகையை அடக்க முடியாது. சிலதில் பெரியவரும் கூட ஏறியாக வேண்டும், அதற்கும் டிக்கெட். நாலைந்து தடவைக்கு மேல் ஏறுவதாக இருந்தால்தான், எத்தனை தடவையும் ஏற விடுகிற கைப்பட்டை லாபம். சுற்றுகிற ராட்டினம் முதலில், சாப்பாடு பிறகு. மாற்றிச் செய்தால் மாற்றுச் சட்டை வேண்டியிருக்கும்.

கார்ன் டாக் என்ற பெயரைப் பார்த்துச் சோளம் என்று அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே! உள்ளே இருப்பது இறைச்சி சாசேஜ். சோள மாவு வெளியே மட்டும்தான். சுட்ட சோளக் கதிர் நல்லது. மாவைப் பிழிந்து பொரிக்கிற ஃபனல் கேக் ஒன்று நாலு பேருக்குப் போதும், நம் ஜாங்கிரிக்குத் தூரத்துச் சொந்தம். காரில் தயிர்சாதம் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும்.

கிளம்பும்போதே இரண்டு பேரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடு, தொலைந்தால் என்ன சட்டை என்று யோசிக்க வேண்டாம். முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் உன் நம்பரை எழுது. ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடு. ஆகஸ்ட் வெயில், புழுக்கம், பிற்பகல் இடிமழை, மூன்றையும் சின்னவன் தாங்கமாட்டான். ராத்திரி நடக்கும் கார் மோதல் போட்டிக்கு உன் வீட்டுக்காரர் ஆசைப்படுவார். தனியாகப் போய்வரட்டும், அந்தச் சத்தம் பிஞ்சுக் காதுக்கு ஆகாது.

பெரியவள் உயரத்தை இன்றைக்கே அளந்து எழுது. 42-ஐத் தொட்டுவிட்டாளா?

அன்புடன்,
உன் சுமதி