ஏர்பிரஷ் அடைக்கிறதென்று எழுதியிருந்தாயே

காரைக்குடி
சித்திரை மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இரண்டாம் கட்டில் ஓடு மாற்றும் வேலை, அதில் மாட்டிக்கொண்டேன். வளவில் தரை பெயர்ந்த இடத்துக்குக் கல் பார்க்க ஆத்தங்குடிக்கும் போய் வந்தேன். நம் வீட்டுப் பூவேலைக்கு ஒத்த அச்சு ஒரு பட்டறையில் இருந்தது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, அங்கே வேலை செய்த ஒரு அம்மா கரண்டியால் வண்ணத்தை ஊற்றினார், அது தானாகவே மூலைவரை ஓடி நின்றது. கொஞ்சம் கெட்டியாக இருந்திருந்தாலும் பாதியிலேயே நின்றிருக்கும். எனக்கு உடனே, காற்றால் பெயின்டைத் தூவுகிற உன் ஏர்பிரஷ் நினைவுதான்.

ஐந்து நிமிடம் அடித்தால் அடைக்கிறது, கழற்றிக் கழுவியே பொழுது போகிறது, நாட் விமான மாடலைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வைக்காதே. உன் கருவியில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அக்ரிலிக் பெயின்டில் இருக்கிற தண்ணீர் போய்விட்டால் மிச்சம் பிளாஸ்டிக்தான். காற்று விடாமல் ஏர்பிரஷுக்குள் இருக்கிற ஊசியின் முனையை உரசிக்கொண்டு போகிறது, வெளியே இந்த வெயில், முனையில் ஒட்டிய பெயின்ட் காயாமல் என்ன செய்யும்? போன மாதம் நகைவேலை செய்கிற ஆசாரியிடம் பூதக்கண்ணாடி வாங்கி என் ஊசியைப் பார்த்தேன். கடுகில் பாதிகூட இல்லாத ஒரு சாம்பல் பொட்டு, முனையில் தொப்பி போட்டதுபோல. அதுதான் பெயின்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, பிறகு பொட்டுப் பொட்டாகத் துப்ப வைக்கிறது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது, கிளீனர்தான் வேண்டும்.

அதனால் காய விடாமல் பார்ப்பதுதான் வேலை. பஞ்சுக் குச்சியை, பெயின்டை நீர்க்கவைக்கிற தின்னரில் நனைத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள், அடைத்த பிறகு தேடாதே. நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும், முனையைப் பின்னிருந்து முன்னால் மெதுவாகத் துடைத்துவிடு. ஊசி வளைந்தால் வேறு தொல்லை.

கலப்பதில்தான் நீ அவசரப்படுகிறாய் என்று நினைக்கிறேன். ஏர்பிரஷ் கப்பில் நேராகப் பெயின்டை ஊற்றாதே. முதலில் இரண்டு சொட்டுத் தின்னர் விடு, இல்லையென்றால் கெட்டிப் பெயின்ட் நேராக நாசிலுக்குள், அதாவது பெயின்ட் வெளியே வரும் துளைக்குள், போய் உட்கார்ந்துகொள்ளும். கலவையைத் தனிக் கிண்ணத்தில் கலந்து அதன் உட்பக்கச் சுவரில் ஓட விட்டுப் பார், ஆடை எடுத்த பால் போல மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். நான் பத்துச் சொட்டுப் பெயின்டுக்கு ஒரு சொட்டு ரிடார்டர் சேர்க்கிறேன், காய்வது தாமதமாகிறது. அளவு கூடினால் மாடல் மேலும் காயாமல் பிசுபிசுக்கும், பார்த்துக்கொள். மூடியோரம் காய்ந்த தோல் பாட்டிலுக்குள் விழுந்திருக்கும், பழைய நைலான் சாக்ஸ் துண்டில் வடிகட்டு.

எந்தத் தின்னர் என்பதைக் கட்டாயம் கவனி. நான் ஒருமுறை கையில் கிடைத்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வல்லேஹோ பெயின்டில் விட்டேன், கப்புக்குள்ளேயே தயிர் திரிந்ததுபோல ஆகி, நாசில், ஊசி எல்லாவற்றையும் ஒரு ராத்திரி முழுக்கச் சுத்தம் செய்தேன். டாமியா கம்பெனி அக்ரிலிக் ஆல்கஹாலை ஏற்றுக்கொள்ளும். வல்லேஹோ மாதிரித் தண்ணீர் வகைக்கு அதற்கான தின்னரே வேண்டும். உன்னிடம் இரண்டும் இருக்கிறது, பாட்டிலில் எழுதி ஒட்டிவிடு.

காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அடைப்பைத் தள்ளத்தான் கூட்டியிருப்பாய், ஆனால் காற்று கூடக் கூட முனை இன்னும் சீக்கிரம் காயும். பெயின்டை நீர்க்கவைத்துவிட்டு 15 முதல் 20க்குள் இறக்கு. 0.2 மி.மீ. நாசிலை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு 0.3 போடு, பெரிய இடங்களுக்கு 0.5 இருந்தால் இன்னும் நல்லது. டிரிகரில் முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது பெயின்டை முதலில் மூடு, காற்று கடைசியில். கை பழகிவிட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

நான் இப்போது விடியற்காலை ஆறு மணிக்கு முகப்பில் உட்கார்ந்து அடிக்கிறேன், எட்டரைக்குள் முடித்துவிடுவேன். மின்விசிறி போடுவதில்லை, மாஸ்க் மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்கிறேன். மதியத்தில் அடித்தால் துளி மாடலுக்குப் போகும் முன்னே காய்ந்து, சுண்ணாம்பு தடவியதுபோலச் சொரசொரப்பாகிவிடுகிறது. நம் வீட்டு முகப்பையே 1/72 அளவில் செய்கிறேன், தேக்குத் தூண்களுக்கு இரண்டு பழுப்பு நிறம் அடித்தாயிற்று. நிலைக்கதவு மட்டும் பாக்கி.

அப்பத்தா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பள்ளி லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, நாட் விமானத்தையும் ஏர்பிரஷையும் எடுத்து வா. அதற்குள் மறுபடி அடைத்தால் கழற்றுவதற்கு முன் ஊசி முனையைப் படம் எடுத்து அனுப்பு.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்