முதலில் சீட் உயரத்தைச் சரிபாருங்கள்

ஆசிரியருக்கு,

நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்கு நண்பர்கள் சேர்ந்து பயிற்சி எடுப்பது நல்ல விஷயம். ஆனால் பலர் முழங்கால் வலியால் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் சீட் உயரம்தான் காரணம். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும், இடுப்பும் இருபுறமும் ஆடும்.

கனமான கியரில் அழுத்தி மிதிக்காதீர்கள். பெடல் நிமிடத்துக்கு 80 சுற்றாவது வரட்டும். வாராந்திர தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். மாற்று டியூப், டயர் லீவர் (டயரை நெம்பிக் கழற்றும் கருவி), பம்ப் கையிலிருக்கட்டும். பஞ்சரானால் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். குத்திய முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் போய்விடும்.

– ஒரு வாசகர்