நட்சத்திரம் எந்த ஆண்டுடையது?

ஆசிரியருக்கு,

கார் விளம்பரங்களில் பாதுகாப்பு நட்சத்திரத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். அது எந்த ஆண்டுச் சோதனையில் கிடைத்தது என்பதை நாமும் கேட்பதில்லை. ஃபியட் புன்டோ கார் 2005-ல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் அதிகபட்சமான 5 நட்சத்திரம் வாங்கியது. 2017-ல் மறுபடி சோதித்தால் பூஜ்யம்! 12 ஆண்டுகளில் கேள்வித்தாள் கடினமாகிவிட்டது, கார் பழைய பாடத்தோடு நின்றுவிட்டது.

நம் நாட்டுக் கதை இன்னும் மோசம். 2014-ல் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பு மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்ட ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துக்கும் பூஜ்யம்தான். எல்லாம் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்துச் சோதித்ததும் 4 நட்சத்திரம் கிடைத்தது.

அந்தக் காலத்துக் கார்கள்தான் இன்று பழைய கார் சந்தையில் நிற்கின்றன. முதல் கார் வாங்கும் குடும்பம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் பார்க்கிறோம். ஸ்டீயரிங் நடுவே ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. விற்பவரும் "நல்ல மைலேஜ் குடுக்கும் சார்" என்பதோடு சரி.

2023 அக்டோபரில் நம் அரசின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் வந்தது நல்ல விஷயம். ஆனால் சோதனைக்கு அனுப்புவது நிறுவனத்தின் விருப்பம் என்றால், பல ஆண்டுகளாக ஓடும் மாடலை யார் தானாகக் கொண்டுபோய் மோதவிடுவார்? விற்பனையில் உள்ள ஒவ்வொரு மாடலுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அப்புறம், நட்சத்திரத்தின் பக்கத்திலேயே சோதித்த ஆண்டையும் அதே அளவு எழுத்தில் அச்சிடச் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர்,
திருப்பூர்