போர் வரலாற்றில் செவிலியர்களைக் காணோமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போர் பற்றிய தங்கள் கட்டுரையில் தளபதிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். காயத்துக்குக் கட்டுப்போட்ட பெண்களைத்தான் காணோம். 1914இல் எல்சி இங்கிலிஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் உதவ முன்வந்தபோது, பேசாமல் வீட்டில் இருக்கும்படி பிரிட்டிஷ் போர்த்துறை சொல்லிவிட்டது. அவர் சும்மா இருக்கவில்லை. நன்கொடை திரட்டி, பெண்களே நடத்தும் மருத்துவமனைகளைத் தொடங்கினார். பிரான்சில் ஒரு பழைய மடாலயமே மருத்துவமனை ஆனது. அங்கே அறுவை மருத்துவர் முதல் செவிலியர் வரை பெண்கள்.

செர்பியாவில் நிலைமை இன்னும் மோசம். 1915இல் டைபஸ் காய்ச்சல் பரவியது. பேன் மூலம் தொற்றும் நோய் அது. நோயாளியின் அழுக்கு உடையைக் கழற்றுவதே ஆபத்து. அந்த வேலையைச் செய்யப்போன செவிலியர்கள் சிலர் அதே காய்ச்சலில் இறந்தார்கள். அடுத்த இதழிலாவது அவர்களைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்