கருப்பை வாய்ப் புற்றுநோய்: விலையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வந்திருக்கும் புது மருந்துகள் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நோய் எதிர்ப்பு அணுக்களின் கையைப் புற்று கட்டிப்போடுகிறது, பெம்ப்ரோலிசுமாப் என்ற புது மருந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது என்று எளிதாகச் சொல்லியிருந்தீர்கள். நோய் முற்றியவர்களுக்குக் கதிர்வீச்சு, கீமோவுடன் இதையும் சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா 2024 ஜனவரியில் அனுமதித்தது. மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 75லிருந்து 83 ஆக உயர்ந்ததாகப் பிறகு வந்த கணக்கு சொல்கிறது. எல்லாம் சரி. ஒரு தவணைக்கே லட்சக்கணக்கில் ஆகும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

நான் வண்டிப்பெரியாறு பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் படுகிறது என்று கொழுந்து பறிக்கிற பெண்கள் வாய்திறந்து சொல்வதற்குள் நோய் பாதி தூரம் போயிருக்கும். கோட்டயத்தில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டு, மடியில் பிளாஸ்டிக் பையோடு, குட்டிக்கானம் வளைவுகளில் வாந்தி எடுத்தபடி பஸ்ஸில் திரும்புகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், அது ஐந்தாறு வாரம் என்றால் அத்தனை நாள் கூலியும் போச்சு. இவர்களிடம் போய் லட்சங்களைப் பற்றி யார் பேசுவது?

உங்கள் கட்டுரையில் விடுபட்ட ஆய்வு ஒன்று உண்டு. இன்டர்லேஸ் என்று பெயர். 2024 அக்டோபரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அதில் புது மருந்தே கிடையாது. கார்போபிளாட்டின், பக்ளிடாக்சல் என்ற இரண்டு பழைய, விலை குறைந்த மருந்துகளை வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் முதலில் கொடுத்துவிட்டு, ஏழாவது வாரத்தில் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்த வழக்கமான சிகிச்சையைத் தொடங்கினார்கள். மொத்தம் 500 பெண்கள். இந்தியப் பெண்களும் அதில் இருந்தார்கள். ஐந்தாண்டு கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 72 பேரும், முன்கூட்டியே கீமோ பெற்றவர்களில் 80 பேரும் உயிரோடு இருந்தார்கள். ரத்த அணுக்கள் குறைவது போன்ற தொல்லைகள் கூடத்தான் செய்தன, மறைப்பதற்கில்லை.

இதற்குப் பணம் போட்டது மருந்துக் கம்பெனி அல்ல, மக்கள் நன்கொடையில் நடக்கும் ஒரு பிரிட்டிஷ் அறக்கட்டளை. லாபம் வராத மருந்தை மறுபடி சோதிக்க எந்தக் கம்பெனி முன்வரும்? அரசுதான் செய்ய வேண்டும். நம்மால் முடியாததும் இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, பெம்ப்ரோலிசுமாப் மாதிரியே வேலை செய்யும் நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்தே பலன் காட்டியது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. 2022இல் முடிவு வெளியானது. அதே மாதிரி குறைந்த அளவைக் கருப்பை வாய்ப் புற்றுநோயிலும் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கலாமே. 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 80,000 பெண்களைக் கொண்டுபோன நோய் இது.

அப்புறம் ஒன்று. அந்த ஆறு வாரக் கீமோவுக்கு எங்கள் பெண்கள் மலை இறங்கித்தான் ஆக வேண்டுமா? குமுளியைத் தாண்டினால் தேனி மாவட்டம். ஆனால் ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் கேரளத்தவை. இடுக்கியிலும் தேனியிலும் உள்ள அரசு மருத்துவமனைகளிலேயே இதை ஏற்ற முடியுமா, எந்த அட்டை எங்கே செல்லும் என்று இரு மாநில சுகாதாரத் துறைகளிடமும் உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.