அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு: கார் கடன் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், வருமான வரி என்று எத்தனையோ சொல்லித் தருகிறீர்கள். கார் கடனையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கார் அந்தஸ்தின் அடையாளமாகி இங்கே நூறு ஆண்டாகிறது. 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் தம் நிறுவன வண்டிகளை ஏணிப்படிகளாக அடுக்கினார். கீழ்ப்படியில் செவ்ரலே, உச்சியில் கேடிலாக். சம்பளம் ஏறினால் வண்டியும் ஏற வேண்டும். கையில் காசில்லாதவர் ஏறுவதற்கு 1919-லேயே அந்நிறுவனம் சொந்தமாகக் கடன் பிரிவும் தொடங்கியிருந்தது. அந்த ஏணி இன்றும் நிற்கிறது. செவ்ரலே டாஹோவும் கேடிலாக் எஸ்கலேடும் ஒரே அடித்தளத்தில் கட்டப்படுபவைதான். விலையில் பல்லாயிரம் டாலர் வித்தியாசம்.

கடைக்குள் போனதும் விற்பனையாளர் கேட்பது, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" இதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் மொத்த விலை பேச்சிலிருந்தே நழுவிவிடும். தவணைக் காலத்தை நீட்டி, எந்த வண்டியையும் அந்தத் தொகைக்குள் அடக்கிவிடலாம். 40,000 டாலர் கடன், 7% வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மாதத்துக்குத் தவணை சுமார் 792 டாலர், மொத்த வட்டி 7,500. 84 மாதமாக்கினால் தவணை 604-க்கு இறங்கும், வட்டி 10,700-ஐத் தாண்டும்.

ஹெச்1பி என்னும் வேலை விசாவில் இருப்பவருக்கு ஆபத்து வட்டியோடு நிற்பதில்லை. விசா முதலில் அதிகபட்சம் 3 ஆண்டு, நீட்டித்தால் பொதுவாக 6. கடனோ 7 ஆண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில் சுமார் 21,700 டாலர் கட்டியிருப்பார், இன்னும் 25,200 பாக்கி இருக்கும். அந்த நேரத்தில் வேலை போனால், வேறு வேலை தேடவோ ஊருக்குக் கிளம்பவோ கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். வண்டி 22,000-க்குத்தான் விலைபோகிறது என்றால், மீதி 3,200-ஐக் கையிலிருந்து போட்டால்தான் விற்கவே முடியும். வண்டியின் மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டும் 'கேப்' இன்ஷூரன்ஸ் இங்கே உதவாது. அது வண்டி விபத்தில் மொத்தமாக நொறுங்கினாலோ திருடுபோனாலோதான்.

எனவே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது: கடைக்குப் போகுமுன் உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு நிதி நிறுவனமான கிரெடிட் யூனியன் ஒன்றிலாவது கடன் ஒப்புதல் வாங்கி வையுங்கள். கடைக்காரர் வங்கி தரும் வட்டியின் மேல் தன் பங்கையும் ஏற்றிச் சொல்ல முடியும். கையில் வேறொரு ஒப்புதல் இருந்தால் அது உடனே தெரிந்துவிடும். பல இடங்களில் விசாரித்தால் கிரெடிட் ஸ்கோர் (கடன் நம்பகத்துக்கான மதிப்பெண்) விழுமே என்று பயப்பட வேண்டாம். 14 நாளுக்குள் கேட்கும் கார் கடன் விசாரணைகளை ஸ்கோர் கணக்கில் ஒன்றாகவே எடுப்பார்கள். வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த 'அவுட் தி டோர்' விலையை எழுத்தில் வாங்குங்கள். பழைய வண்டியைக் கொடுப்பதைத் தனியாகப் பேசுங்கள், அதன் கடன் பாக்கியைப் புதுக் கடனில் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். பெயின்ட் பாதுகாப்பு, நீட்டித்த வாரன்டி எல்லாம் கையெழுத்துப் போடும் அறையில்தான் நுழையும். வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பலர் நம்புகிறார்கள். கடையில் வாங்கிய காருக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் கிடையாது.

இதெல்லாம் தெரிந்தவர்களும் சறுக்குவது நம் கூட்டத்துக்குள்தான். விழா முடிந்து பார்க்கிங்கில் நிற்கும்போது, "இன்னும் அந்தக் கொரோலாதானா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், அடுத்த மாதம் அந்தப் பிள்ளை ஷோரூமில் நிற்கிறான். இப்படிக் கேட்பதை நாம் நிறுத்த வேண்டும், பெரியவர்கள் முதலில்.

பொங்கல் விழாவில் கார் விற்பனையாளருக்கு விளம்பர மேசை கொடுக்கும் சங்கங்கள், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மேசை போடுங்கள். மேலே சொன்ன கணக்கை ஒரே தாளில் தமிழில் அச்சடித்து வையுங்கள். நிதி விவரம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் அங்கே உட்கார்ந்து, வருகிறவரின் கடன் பத்திரத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னால் போதும். வரும் பொங்கலுக்கே தொடங்கலாம்.

அன்புடன்,
கார் கடன் கணக்கு தெரிந்த சிலர்